அரை மணி நேரமும் அவை நேரமும்

(செண்பகத்தோப்பில் நடைபெற்ற ஊழியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இந்த முகாமுக்கு வந்த அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். 'வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் 3 மணி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே, 'மாலை 6 மணிக்குள் முகாம் நிறைவு பெறும்' என்றும் இருக்கிறது. 3 மணி ஏன் என்று உங்களில் யாரும் கேட்கவில்லை. தொழுதுவிட்டு, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். 6 மணி ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை. இது சாம்பல் நிற அணில் சரணாலயத்தின் ஓரம். பொழுது சாய்ந்தால் யானை இறங்கும் இடம். இருட்டுவதற்குள் நாம் கிளம்பிவிட வேண்டும்.

தொழுகைக்கு ஒரு நேரம், காட்டுக்கு ஒரு நேரம். இரண்டுக்கும் இடம் விட்டு, நடுவிலே நம் வேலைக்கு 3 மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு நேரம் குறிப்பது என்றால் இதுதான். யார் யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்னென்ன கடமைகள் இருக்கின்றன என்று யோசித்துக் குறிப்பதுதான் நேரம்.

இதைப் போன்ற சின்னதொரு நேர ஒதுக்கீடு நம் நாட்டின் பாராளுமன்றத்திலும் இருந்தது. இப்போது இல்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

என்ன நடந்தது?

மாநிலங்களவையில் மற்ற நாட்களில் மதிய உணவு இடைவேளை 1 மணியிலிருந்து 2 மணி வரை. வெள்ளிக்கிழமை மட்டும் 1 மணியிலிருந்து 2.30 மணி வரை. அந்தக் கூடுதல் அரை மணி நேரம் ஜும்ஆ தொழுகைக்குச் செல்லும் உறுப்பினர்களை மனதில் வைத்து ஏற்பட்ட மரபு. 2.30 மணிக்கு அவை கூடியதும் தனிநபர் மசோதாக்களும் தனிநபர் தீர்மானங்களும் எடுத்துக்கொள்ளப்படும். பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்து வந்தது.

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. அன்றைய அலுவல் பட்டியலில் மதிய அமர்வு 2 மணி என்று இருந்தது. தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா எழுந்து, வழக்கமாக 2.30 மணிக்குத்தானே கூடுவோம், இது எப்போது மாறியது, எந்த முடிவின்படி மாறியது என்று கேட்டார். அதே கட்சியின் உறுப்பினர் முகமது அப்துல்லா, முஸ்லிம் உறுப்பினர்கள் தொழுகைக்குச் செல்வதற்காக ஏற்பட்ட நேரம் அது என்று நினைவூட்டினார். அப்போது அவைத் தலைவராக இருந்த ஜகதீப் தன்கர் பதில் சொன்னார். இந்த மாற்றம் இன்று செய்ததல்ல, முன்பே செய்தாகிவிட்டது. மக்களவை 2 மணிக்குக் கூடுகிறது, மாநிலங்களவையும் பாராளுமன்றத்தின் அங்கம்தான், இரண்டுக்கும் ஒரே நேரம் இருக்கட்டும் என்பது அவர் பதிலின் சாரம்.

அவ்வளவுதான். விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. பல்லாண்டு மரபு ஒன்று பட்டியலில் ஓர் எண்ணை மாற்றியதோடு முடிந்துபோயிற்று.

அடுத்தது அஸ்ஸாம். அங்கே சட்டமன்றத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்காக 2 மணி நேர இடைவேளை இருந்தது. 1937-ல் சையத் முகமது சாதுல்லா பிரதமராக இருந்த காலத்தில் தொடங்கிய வழக்கம். அப்போது மாகாண முதல்வரைப் பிரதமர் என்றுதான் அழைத்தார்கள். நாடு விடுதலை அடைந்தது; எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின; வழக்கம் நீடித்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று அதை நிறுத்தினார்கள். காலனி காலத்து மிச்சத்தை நீக்கினோம் என்று முதல்வர் ஹிமந்த பிஸ்வ சர்மா பெருமையோடு அறிவித்தார். 2025 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமைதான் அதன் பலன் தெரிந்தது. பட்ஜெட் கூட்டத்தொடரில் முதன்முறையாக இடைவேளை இல்லாமல் அவை நடந்தது. 126 பேர் கொண்ட அந்த மன்றத்தில் அப்போது சுமார் 30 முஸ்லிம் உறுப்பினர்கள் இருந்தார்கள்.

சொல்லும் காரணங்கள் நிற்கின்றனவா?

சகோதரர்களே! நாம் உணர்ச்சிவசப்பட்டுப் பேச வேண்டியதில்லை. அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் காரணம், இரு அவைகளுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்களவையில் கேள்வி நேரம் காலை 11 மணிக்கு. மாநிலங்களவையில் பகல் 12 மணிக்கு. ஏன் இந்த வேறுபாடு? முன்பு அங்கும் 11 மணிக்குத்தான் இருந்தது. அவை கூடியதும் அமளி எழுந்து கேள்வி நேரம் தினமும் வீணாகிறது என்பதால், ஹமீத் அன்சாரி தலைவராக இருந்தபோது, 2014-ல் 12 மணிக்கு மாற்றினார்கள். அந்த வேறுபாடு இன்றும் நீடிக்கிறது. அதற்கு யாரும் ஒரே நேரம் வேண்டும் என்று கேட்கவில்லை. அமளிக்காக ஒரு மணி நேரத்தைத் தள்ளி வைக்க முடிகிற அவைக்கு, அமைதியான ஒரு தொழுகைக்காக அரை மணி நேரத்தை விட்டு வைக்க முடியாதா?

இரண்டாவது காரணம், நேரம் மிச்சமாகிறது என்பது. கணக்குப் பார்ப்போம். அந்த மாற்றம் வெளியே தெரிந்த 2023 குளிர்காலக் கூட்டத்தொடர் டிசம்பர் 4 முதல் 21 வரை நடந்தது. அதில் வந்த வெள்ளிக்கிழமைகள் இரண்டே இரண்டு. 8-ம் தேதி ஒன்று, 15-ம் தேதி ஒன்று. ஆக மொத்தம் மிச்சம் ஒரு மணி நேரம். அந்த 15-ம் தேதியும் பாதுகாப்பு மீறல் பிரச்சினையில் எழுந்த அமளியால் அவை ஒத்திவைக்கப்பட்டது. அதே தொடரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். பாராளுமன்றத்தின் நேரம் எங்கே போகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

மூன்றாவது காரணம், மதச்சார்பற்ற அவை ஒரு மதத்தின் வழிபாட்டுக்காக நிற்கலாமா என்பது. ஞாயிற்றுக்கிழமை ஏன் விடுமுறை? கிறிஸ்தவர்களின் வழிபாட்டு நாளிலிருந்து வந்த பழக்கம் அது. இங்கே மில் தொழிலாளிகளுக்கு அது சும்மா கிடைக்கவில்லை. பம்பாய்த் தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கில் போராடி 1890-ல் பெற்றுத் தந்தார். இன்று ஞாயிறு விடுமுறையை மதச் சலுகை என்று எவரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஹோலிக்கு அவை கூடுவதில்லை, பெருநாளுக்குக் கூடுவதில்லை, புனித வெள்ளிக்குக் கூடுவதில்லை. இதுதான் நம் நாடு. எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் கொஞ்சம் இடம் விட்டு வாழ்ந்த நாடு.

நம் ஊரையே பாருங்கள். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு விருதுநகர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக அறிவிக்கிறார்கள். நாம் யாராவது அதைக் குறை சொன்னோமா? தேர் வரும் வீதியில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் அன்று நீர்மோர் கொடுக்கிறார்கள். இந்தத் தோப்புக்கு மேலே காட்டழகர் கோயில் இருக்கிறது. அதற்குப் போகும் பக்தர்களுக்கும் வனத்துறை நேரம் வைத்துத்தான் அனுமதிக்கிறது. வழிபாட்டுக்கு நேரம் ஒதுக்குவதும், ஒதுக்கிய நேரத்தை வேறிடத்தில் ஈடு செய்வதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

மார்க்கம் கேட்பது எவ்வளவு?

வெள்ளிக்கிழமை முழுவதும் விடுமுறை வேண்டும் என்று இஸ்லாம் கேட்கவில்லை. இதை மாற்று மதச் சகோதரர்களுக்கு நாம் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. அல் ஜும்ஆ அத்தியாயத்தின் 9, 10 வசனங்களின் கருத்தை நினைத்துப் பாருங்கள். தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு விரைய வேண்டும். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேட வேண்டும். முன்னாலும் வேலை, பின்னாலும் வேலை. நடுவிலே ஒரு குத்பா, இரண்டு ரக்அத். அவ்வளவுதான். உழைப்பை நிறுத்தச் சொல்லாத, உழைப்புக்குத் திரும்பிப் போகச் சொல்கிற வழிபாடு இது.

இளமையில் நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவில் முஸ்லிம்கள் நான்கு பேர். மேஸ்திரி மாற்று மதத்தவர், கண்டிப்பானவர். முதல் வெள்ளிக்கிழமை தயங்கித் தயங்கி அவரிடம் போய்க் கேட்டோம். 'காலையில் அரை மணி முன்னால் வாருங்கப்பா, மத்தியானம் அரை மணி போயிட்டு வாங்க. மெஷின் நிக்கக் கூடாது, அவ்வளவுதான்' என்றார். பக்கத்து மெஷின்காரர் எங்கள் மெஷினையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். தீபாவளிக்கு முதல் நாள் நாங்கள் அவருக்காக நின்றோம். எழுத்தில் எதுவும் இல்லை, சட்டம் இல்லை. ஆண்டுக்கணக்கில் அந்த மெஷின் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஒரு மேஸ்திரிக்குத் தெரிந்த இந்தக் கணக்கு டில்லியில் இருப்பவர்களுக்கா தெரியாது? வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் கூடுதலாக அவையை நடத்தலாமே! நேரமும் குறையாது, மரபும் போகாது.

நள்ளிரவு வரை அமர்ந்த அவை

நேரம் இல்லை என்பது உண்மையான காரணம் அல்ல என்பதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் என்பது பாராளுமன்றத்தில் சாதாரண நேரம் அல்ல. மற்ற நேரமெல்லாம் அரசாங்கத்தின் அலுவலுக்கு. வெள்ளிக்கிழமை இரண்டரை மணி நேரம் மட்டும்தான் அமைச்சர் அல்லாத உறுப்பினர்களின் அலுவலுக்கு. சிறு கட்சிக்காரர், தனி உறுப்பினர், சிறுபான்மைச் சமுதாயத்தின் குரல், இவர்களெல்லாம் ஒரு மசோதாவைக் கொண்டுவந்து பேச முடிகிற நேரம் அதுதான்.

விடுதலைக்குப் பின் இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன. அவற்றில் முதலாவது எது தெரியுமா? சையத் முகமது அகமது காஸ்மி 1952-ல் மக்களவையில் கொண்டுவந்த முஸ்லிம் வக்ஃப் மசோதா. 1954-ல் அது சட்டமாயிற்று. நம் முன்னோர்கள் விட்டுச் சென்ற பள்ளிவாசல், மதரஸா, கபரஸ்தான் சொத்துக்களைக் காக்க விடுதலை இந்தியா இயற்றிய அந்தச் சட்டம், அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினரின் முயற்சியில் பிறந்தது.

1985-ல் முஸ்லிம் லீக்கின் பனாத்வாலா சாகிப், ஷாபானு தீர்ப்பை அடுத்து எழுந்த ஷரீஅத் பிரச்சினையில் சமுதாயத்தின் கருத்தை அவையில் வைத்ததும் தனிநபர் மசோதா வழியாகத்தான். அந்த மசோதா நிறைவேறவில்லை. ஆனால் அது கிளப்பிய விவாதத்தைத் தொடர்ந்து 1986-ல் அரசாங்கமே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் சரியா தவறா என்பதில் பல கருத்துகள் உண்டு. ஒரு தனி உறுப்பினரின் பிற்பகல் அரசாங்கத்தையே அசைத்தது என்பதில் இரண்டு கருத்து இல்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான், 2015 ஏப்ரல் 24. மக்களவை அதை நிறைவேற்றாவிட்டாலும் 2019-ல் அரசாங்கம் அந்தப் பொருளில் தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

இப்போது 2025-க்கு வாருங்கள். வக்ஃப் திருத்த மசோதா. ஏப்ரல் 2 அன்று மக்களவையில் தொடங்கிய விவாதம் நள்ளிரவைத் தாண்டியது. 288-க்கு 232 என்று நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. அங்கும் நள்ளிரவு தாண்டி, ஏப்ரல் 4 அதிகாலையில் வாக்கெடுப்பு நடந்தது. 128-க்கு 95. ஏப்ரல் 4 என்ன கிழமை? வெள்ளிக்கிழமை!

வெள்ளி பகலில் தொழுகைக்கு அரை மணி தர நேரம் இல்லாத அவைக்கு, வெள்ளி அதிகாலையில் நம் வக்ஃப் சொத்துக்களின் தலைவிதியை எழுத நேரம் இருந்தது. முதல் வக்ஃப் சட்டம் ஒரு தனி உறுப்பினர் கொண்டுவந்து நிறைவேறியது. இந்தத் திருத்தமோ உறக்கம் கெட்ட இரவில் நிறைவேறியது. அவை நினைத்தால் நேரம் நீளும், நினைத்தால் சுருங்கும். நேரம் இல்லை என்று யார் சொன்னாலும், மனம் இல்லை என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் உள்ள குறை

பிறரைச் சொல்லிவிட்டேன். இனி நம்மைச் சொல்கிறேன். கசப்பாக இருந்தாலும் கேளுங்கள்.

அந்த மாற்றம் முன்பே செய்யப்பட்டது என்றார் தன்கர். அப்படியானால் அது நடந்தபோது நாம் எங்கே இருந்தோம்? நம் பத்திரிகைகள் எழுதினவா? நம் இயக்கங்கள் தீர்மானம் போட்டனவா? கடைசியில் அவையில் எழுந்து கேட்டவர் திருச்சி சிவா. அந்தச் சகோதரருக்கு நன்றி சொல்வோம். ஆனால் நம் நேரத்தை நாம் கவனிக்காமல் இன்னொருவர் கவனித்துச் சொல்லும் நிலை நமக்குப் பெருமை தருவதல்ல.

இன்னொன்று. ஒரு மணி நேரத்துக்குள் தொழுது வர முடியாதா என்று கேட்டால், முடியும். டில்லியில் பாராளுமன்றத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல் இருக்கிறது. சாப்பாட்டைத் தியாகம் செய்தால் 2 மணிக்குள் திரும்பிவிடலாம். மக்களவையில் நம் உறுப்பினர்கள் அப்படித்தான் செய்து வருகிறார்கள். ஆகவே தொழுகையையே தடுத்துவிட்டார்கள் என்று மேடையில் முழங்காதீர்கள். அது உண்மை அல்ல. உண்மையை மீறிப் பேசினால், உள்ள நியாயமும் போய்விடும். உண்மை என்னவென்றால், அனைவரையும் அரவணைத்த ஒரு மரபை, அதனால் பயன்பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டார்கள். அதைச் சொன்னால் போதும்.

2024 ஏப்ரல் 19 நினைவிருக்கிறதா? தமிழகத்தில் பாராளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள், வெள்ளிக்கிழமை. கேரளத்திலும் அடுத்த வெள்ளிக்கிழமைதான். அங்கே தேதியை மாற்றச் சொல்லிக் கோரிக்கை எழுந்தது. தேர்தல் ஆணையம் மாற்றவில்லை. இங்கே நாம் என்ன செய்தோம்? காலை 7 மணிக்கே வரிசையில் நில்லுங்கள் என்று ஜமாஅத்தில் அறிவிப்புச் செய்தோம். வாக்குச்சாவடி முகவர்கள் முறை வைத்துத் தொழுதுவிட்டு வந்தார்கள். ஜும்ஆவும் தவறவில்லை, வாக்கும் தவறவில்லை. திட்டமிட்டால் நம்மால் முடியும் என்பதற்கு அது சான்று.

ஆனால் மற்ற நாட்களில்? கூட்டம் மஃரிபுக்குப் பின் என்று நோட்டீஸ் அடிப்போம். இஷாவுக்குப் பின்தான் தொடங்குவோம். தலைமை உரை முடியும்போது பெண்கள் பகுதி காலியாகியிருக்கும். நம் நேரத்தை நாமே மதிக்காவிட்டால், அடுத்தவர் மதிக்கவில்லை என்று சொல்ல நமக்கு வாய் இல்லை.

செய்ய வேண்டியவை

மூன்று வேலைகளை இந்த முகாமிலிருந்து எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்று: அரசியல் சட்டத்தின் 118-வது பிரிவு, தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை ஒவ்வோர் அவைக்கும் தருகிறது. ஆகவே இது நீதிமன்றத்துக்கு ஓட வேண்டிய விஷயம் அல்ல. அவையிடமே கேட்க வேண்டிய விஷயம். 2025 செப்டம்பரில் திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன் மாநிலங்களவைத் தலைவர் பொறுப்பை ஏற்றார். வெள்ளிக்கிழமை அரை மணியைத் திருப்பித் தாருங்கள், மாலையில் அரை மணி கூடுதலாக அவையை நடத்துங்கள் என்று அவைத் தலைவருக்கு மரியாதையான மொழியில் மனு அனுப்புவோம். தமிழிலேயே அனுப்புவோம். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதாடிய காயிதே மில்லத்தின் வழி வந்தவர்கள் நாம். கையெழுத்து வாங்கும்போது மாற்று மதச் சகோதரர்களிடமும் வாங்குங்கள். அந்த மேஸ்திரியைப் போன்றவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இரண்டு: பாராளுமன்றம் கூடும் நாட்களில் அன்றன்றைய அலுவல் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகிறது. ஒவ்வொரு கிளையிலும் படித்த இளைஞர்கள் இருவர் அதைப் படிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். எந்த மசோதா எந்த நாளில் வருகிறது, எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டது என்று குறித்து வைக்க வேண்டும். வந்த பின் கண்டன ஊர்வலம் போவதை விட, வருமுன் ஒரு தபால் எழுதுவது பலன் தரும்.

மூன்று: தனிநபர் அலுவல் நேரத்தைப் பயன்படுத்துங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் பல உறுப்பினர்கள் ஊருக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். அவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் இருந்தால்தான் அலுவல் நடக்கும். பெஞ்சுகள் காலியாகும் நேரத்தில் அமர்ந்திருக்கும் ஒருவருக்குத்தான் பேச வாய்ப்பு. நம் தென்காசித் தொகுதி உறுப்பினரிடமும், தமிழகத்தின் மாநிலங்களவை உறுப்பினர்களிடமும் விஷயங்களைக் கொண்டு போங்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்காரரின் கூலியைப் பற்றி எழுதிக் கொடுங்கள். இந்த மலையடிவாரத்தில் வாழும் பளியர் மக்களின் வன உரிமையைப் பற்றி எழுதிக் கொடுங்கள். நம் கோரிக்கை நம் சமுதாயத்தோடு நின்றுவிடக் கூடாது. அடுத்தவருக்காகக் குரல் கொடுப்பவனின் சொந்தக் குரலுக்குத்தான் மதிப்பு.

சகோதரர்களே! அஸர் நேரம் நெருங்குகிறது. நிகழ்ச்சி நிரலில் எனக்கு ஒதுக்கிய நேரமும் முடிகிறது. நேரத்தைப் பற்றிப் பேச வந்தவன் நேரத்தை மீறக் கூடாது. தொழுதுவிட்டு வாருங்கள். அதன் பின் அந்த மனுவை இந்தத் தோப்பிலேயே அமர்ந்து எழுதி, இருட்டுவதற்குள் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்புவோம். இன்ஷா அல்லாஹ்.